ஏழாம் வரிசையில் ஓர் ஆமைச் சட்டை

நாடீன் ஸ்ட்ரோபெல் இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னால், ஒஹாயோவில் எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டாமல் விட்டதிலிருந்து, சர்ச் விருந்தில் உருளைக்கிழங்கு சாலடுக்கு யார் உப்புப் போட மறந்தார்கள் என்பதுவரை எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு தீர்ப்பு உண்டு. அதைத் தெருக்கோடிக்குக் கேட்கும்படி சொல்லும் தொண்டையும் உண்டு. அப்படிப்பட்டவள், நெப்ராஸ்காவில் ஹார்லன் க்ரீக் என்கிற சின்ன ஊரின் பேஸ்பால் மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயிலில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காரணம், மைதானத்து நடுவில் மண்மேட்டில் நின்று பந்து போட்டுக்கொண்டிருந்தவன் அவள் பெற்ற ஒரே பிள்ளை கோல்பி. அம்மா வந்திருப்பது அவனுக்குத் தெரியக் கூடாது.

வராதே என்று சொன்னவனே அவன்தான். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூட இறுதி ஆட்டத்தில் அம்பயரின் கண்பார்வையைப் பற்றி நாடீன் வேலிமேல் ஏறி நின்று கேட்ட கேள்விகளுக்காக அவளை மைதானத்தைவிட்டே வெளியே அனுப்பினார்கள். கல்லூரிக் காலத்தில் ஒருமுறை போனாள். கோல்பி போட்ட பந்து அடுத்தடுத்து மூன்று பேரின் விலாவைப் பதம் பார்த்தது. இரண்டு கோடைக்கு முன்னால் கரோலினாவில், முதல் இன்னிங்ஸிலேயே எதிரணிக்காரர்கள் அவன் பந்தை விளாசித் தள்ளிக்கொண்டிருந்தபோது, "முழங்கையத் தூக்குடா கோல்பி!" என்று ஒரு குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது. ரேடியோவில் நேர்முக வர்ணனை செய்தவரே ஒரு கணம் நிறுத்திவிட்டு, யாரோ அம்மா போலிருக்கிறது என்றாராம். அன்றைக்கே கோல்பி போன் செய்தான்.

"அம்மா, நீ இருந்தா என் கை மரக்கட்டையாப் போயிடுது. கெஞ்சிக் கேக்கறேன், இனிமே வராத. வீட்ல இருந்து ரேடியோவுல கேளு."

கேட்டாள். சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ரேடியோவைத் திட்டியபடி கேட்டாள். எங்கள் தெருவில் யாரும் கோல்பியின் ஆட்டத்துக்குத் தனியாக ரேடியோ போடவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஆனால் இந்த வருடம் ரேடியோக்காரன் வேறு பாட்டுப் பாட ஆரம்பித்திருந்தான். கோல்பிக்கு வயது இருபத்தொன்பது. பெரிய லீகுக்குப் போகக் காத்திருக்கிற சின்ன அணிகளில் அது தாடி நரைத்த வயது. அவன் அணியான ஹார்லன் க்ரீக் காகங்கள் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள், அவனுக்கு இடம் பண்ண யாரையோ அனுப்பியாக வேண்டும், அந்த யாரோ ஸ்ட்ரோபெலாக இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போடுகிறான் என்று பார்ப்போம் என்றான். நாடீன் அன்றைக்கு ரேடியோவைத் திட்டவில்லை. அணைத்துவிட்டு மேஜையில் சாலை வரைபடத்தை விரித்தாள்.

ஓரிகனில் தங்கை மகள் கல்யாணம். அவள் புருஷன் மெர்வின் விமானம் ஏற மாட்டான், காரில்தான் போகவேண்டும், நாட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. வழியில் நெப்ராஸ்கா வராமல் எங்கே போகும்? எந்த ஊரில் எந்த இரவு தங்குவது என்பதை அவளே போட்டாள். ஹார்லன் க்ரீக்கில் நல்ல மாட்டிறைச்சி கிடைக்குமாம், ஞாயிறு மதியம் அங்கே சாப்பிடலாம் என்றாள். மெர்வின் சரி என்றான். அவன் லாரி ஓட்டி ஓட்டிப் பேச்சை மறந்தவன். மனைவி என்ன சொன்னாலும் சரி என்பான், பிறகு தன் இஷ்டப்படி செய்வான். ஊருக்குள் நுழைந்ததும் அவள், "அட, இன்னிக்கு மேட்ச் இருக்குது போலிருக்கே!" என்று ஆச்சரியப்பட்டாள். மெர்வின் அதற்கும் சரி என்றான். எவ்வளவு சாமர்த்தியமாகச் செய்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரே பெருமை.

மாறுவேஷமும் உண்டு. அகலமான ஓலைத்தொப்பி, முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. முந்தின நாள் அயோவாவில் பெட்ரோல் போட நின்ற இடத்தில் ஒரு பச்சைச் சட்டை வாங்கியிருந்தாள். மார்பு முழுக்கப் பல்லைக் காட்டும் ஓர் ஆமை. அது எதிரணியான வால்நட் சிட்டி ஆமைகளின் சட்டை. எதிரணிச் சட்டை போட்டவளைப் பெற்ற தாய் என்று எந்தப் பிள்ளை சந்தேகப்படும்? யோசனை நல்ல யோசனைதான். ஆனால் டிக்கெட் கிடைத்த இடம் காகங்களின் ரசிகர்கள் கூட்டமாக உட்காரும் ஏழாம் வரிசை. கறுப்புச் சட்டைகளுக்கு நடுவில் ஒரே ஒரு பச்சை ஆமை.

"வழி தப்பி வந்துட்டீங்களா மேடம்? குளம் அந்தப் பக்கம்" என்றான் பக்கத்து இருக்கைக்காரன். டுவேன் என்று பெயர். பீப்பாய் மாதிரி உடம்பு, தொப்பியில் காக்கை இறகு செருகியிருந்தான், இரண்டு கையிலும் பீர். வரிசையே சிரித்தது. நாடீனுக்கு நாக்கின் நுனியில் பதில் வந்துவிட்டது. முழுங்கினாள். முதல் வெற்றி.

முதல் இன்னிங்ஸில் மூன்று பேர், மூன்று பேரும் வெளியே. இரண்டாவதிலும் அப்படியே. கோல்பியின் கை அன்றைக்கு வேறு யாருடையதோ போல் இருந்தது. பந்து போகிற போக்கைப் பார்த்து ஆமைகள் மட்டையைச் சுழற்றிவிட்டு, ஏதோ பொருளைத் தொலைத்தவர்கள் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு திரும்பினார்கள். மூன்றாவது, நான்காவது. காகங்கள் எப்படியோ இரண்டு ரன் எடுத்து வைத்தார்கள். நாடீன் தொப்பியைத் தாழ்த்தித் தாழ்த்தி, கடைசியில் விளிம்புக்கடியில் அவன் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அதுவே போதும் என்றிருந்தது. அந்தக் கால் ஊன்றுகிற விதத்திலேயே அவளுக்குத் தெரியும், பந்து எங்கே போகும் என்று.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்தபோது ஏழாம் வரிசையில் சத்தம் குறைந்தது. ஆறாவது முடிந்தபோது நின்றே போனது. டுவேன் மூன்றாவது பீரைப் பாதியில் தரையில் வைத்தான். யாரும் எதையும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதுதான் விஷயம். கரும்பலகை மாதிரியான பெரிய ஸ்கோர்போர்டில் ஆமைகள் அடித்த அடிகளுக்கு நேராக ஒரு பூஜ்யம் இருந்தது. ஒன்பது இன்னிங்ஸும் எதிரணிக்காரன் அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸில் போய் நிற்கும்படி ஓர் அடிகூட விட்டுக்கொடுக்காமல் ஒருத்தன் பந்து போட்டு முடிப்பது என்பது, பல பிட்சர்கள் ஆயுசு முழுக்கப் போட்டும் கிடைக்காத பேறு. அது நடந்துகொண்டிருக்கும்போது அதன் பெயரை வாயால் சொன்னால் போச்சு. அந்த பிட்சரிடம் யாரும் பேசக் கூடாது. அவன் அணிக்காரர்களே அவனை பெஞ்சின் ஒரு கோடியில் தனியே விட்டுவிட்டு, அம்மை போட்டவனிடமிருந்து விலகுவதுபோல மறுகோடியில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கோல்பி தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கிறவர்களுக்கும் ஒரு சட்டம் உண்டு: எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தபோது அதிர்ஷ்டம் வந்ததோ அந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது.

இது இவ்வளவு தூரம் வரும் என்று நாடீன் கணக்குப் போடவில்லை. சுமாராகப் போட்டு இடத்தைக் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்றுதான் வந்தாள். இது நடந்துவிட்டால் அவனை யாரால் அனுப்ப முடியும்? நடக்காமல் போனால், அதற்கு யார் காரணம்? ஏழாம் வரிசையில் ஆமைச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பவள்தான். அவனுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அவள் இருந்தால் அவன் கை மரக்கட்டை ஆகும். அவனே சொன்னது.

அப்போதுதான் இருக்கைகளைத் துடைத்துக்கொண்டு வந்த ஹேட்டி அவர்கள் வரிசைக்கு வந்தாள். அந்த மைதானத்தில் ஆட்களுக்கு இடம் காட்டி உட்கார வைப்பது அவள் வேலை.

"அடடே, மெர்வ்! வழக்கமா நிக்கற தூண்கிட்ட ஆளைக் காணோமேன்னு பாத்தேன்" என்றாள் அடிக்குரலில். "ஒருவழியா வீட்டம்மாவையும் கூட்டிட்டு வந்துட்டியா? ஏன் கண்ணு, உனக்கு இந்தப் பச்சைதான் கெடைச்சுதா?"

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

நாடீன் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். மெர்வின் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் வாங்கி வைத்த ஹாட்டாக் வாங்கிய மேனிக்கே இருந்தது. ஒரு கடி கடிக்கவில்லை.

"வழக்கமா நிக்கற தூணா?" என்றாள். கிசுகிசுப்புதான். ஆனால் அந்தக் கிசுகிசுப்பில் ஒரு ரொட்டியை வாட்டியிருக்கலாம்.

"லோடு இந்தப் பக்கம் வரும்ல" என்றான் மெர்வின்.

"எத்தனை தரம்?"

"வரும்போதெல்லாம்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். முடிஞ்சதும் ரெண்டு பேரும் போய் ஆப்பிள் பை சாப்பிடுவோம்."

ஆப்பிள் பை! இரண்டு வருடமாக அவள் சமையலறையில் ரேடியோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இந்த மனுஷன் இங்கே தூணில் சாய்ந்து நின்று ஆட்டம் பார்த்துவிட்டு, பிள்ளையோடு உட்கார்ந்து பை சாப்பிட்டிருக்கிறான். முதுகு வலிக்குது, டாக்டரைப் பார்த்துட்டு வரேன், அதான் லேட்டு என்று சொன்ன அந்த முதுகு! அப்படியென்றால் கோல்பிக்குக் கூட்டம் ஆகாது என்பதில்லை, குடும்பம் ஆகாது என்பதும் இல்லை. அவள் மட்டும்தான் ஆகாது. கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டையும் கத்தித்தான் தீர்க்கவேண்டும். கத்த முடியாது. சுற்றிலும் ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் எழுந்தாள். காரில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். இங்கிருந்து தொலைந்தாலே பிள்ளைக்குச் செய்கிற பெரிய உபகாரம்.

டுவேன் முழங்காலை நீட்டி வழியை அடைத்தான். "மேடம். உக்காருங்க."

"எனக்கு வெளிய போகணும்."

"எனக்குந்தான் போகணும். நாலாவது இன்னிங்ஸ்லேர்ந்து அடக்கிக்கிட்டு இருக்கேன்." அவன் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது, அது வெயிலால் மட்டும் இல்லை. "இந்த வரிசையில யாரும் அசையக் கூடாது. என்ன நடந்துக்கிட்டு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான்."

"ஓஹோ, அதனாலதானா?" பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "கெடுத்துட்டுப் போகலாம்னு வந்திருக்கு பாரு, ஆமை. உக்காருடீ!"

நாடீனை 'உக்காருடீ' என்று சொல்லிவிட்டு முழுசாக வீடு போய்ச் சேர்ந்தவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. அவள் உட்கார்ந்தாள்.

ஏழாவது முடிந்தது. எட்டாவதில் ஓர் ஆமை ஓங்கி அடித்த பந்து இடது மூலைக்குப் பறந்தது. அரங்கமே ஒரே மூச்சில் எழும்பி, காகங்களின் ஆட்டக்காரன் ஒருவன் குப்புற விழுந்து அதைக் கையுறையில் அள்ளியபிறகு ஒரே மூச்சில் உட்கார்ந்தது. நாடீன் மெர்வினின் தொடையைப் பிடித்திருந்தாள். பிடித்தது அன்பினால் என்று அவன் நினைத்திருக்க முடியாது, நகம் பதிந்திருந்தது. பூஜ்யம் இன்னும் பூஜ்யமாகவே இருந்தது.

இனி ஓர் இன்னிங்ஸ். மூன்றே பேர்.

இடைவேளையில் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறேன் என்று பெரிய திரையில் ரசிகர்களின் முகத்தைக் காட்டுவார்கள். கேமராக்காரப் பையன் நல்ல வேடிக்கையாக எதையாவது தேடியிருப்பான். கறுப்புக் கடலுக்கு நடுவில் ஒரு பச்சைப் புள்ளி கண்ணில் பட்டால் விடுவானா? திடீரென்று திரை முழுக்க ஆமை. அதற்கு மேலே ஓலைத்தொப்பி. கீழே 'எதிரியைக் கண்டோம்' என்று எழுத்து. பேச வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்த ஆயிரம் பேருக்கும் ஊளையிட ஒரு காரணம் கிடைத்தது. நாடீன் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் தொப்பி கழன்று பின்வரிசையில் விழுந்தது, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது.

மண்மேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்த கோல்பி, ஊளை கேட்டுத் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தான்.

பார்த்தபடி நின்றான். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுத்து, வரிசை வரிசையாகத் தேடி, ஏழாம் வரிசைக்கு வந்தான். அம்மாவும் பிள்ளையும் அவ்வளவு தூரத்திலிருந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று அவளால் படிக்க முடியவில்லை. பெற்றதிலிருந்து முதல் தடவையாகப் படிக்க முடியவில்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பேட்டருக்குக் கோல்பி போட்ட பந்து நான்கும் வெளியே போயின. பேட்டர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு இலவசமாக முதல் பேஸுக்கு நடந்து போனான். அது அடி என்று கணக்கில் வராது, பூஜ்யம் தப்பியது. ஆனால் அதுவரை ஒருத்தனைக்கூட அவன் இப்படி நடக்கவிட்டதில்லை. எட்டு இன்னிங்ஸ் ஒழுங்காக இருந்த கை, அம்மா முகத்தைப் பார்த்த மறுநிமிஷம் மரக்கட்டை ஆகிவிட்டது.

நாடீன் எழுந்தாள். இந்தமுறை டுவேனின் முழங்காலை அவள் மதிக்கவில்லை, ஏறிக் கடக்கவே காலைத் தூக்கினாள்.

"மேடம், உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்..."

"விடு தம்பி. நான் போனாத்தான் அவன் உருப்படுவான். உனக்குப் புரியாது."

"என்ன புரியாது? நீங்க யாரு அவனுக்கு?"

"நான் அவன் அம்மா!"

"ஆமா, நான் அவன் அப்பா" என்றான் டுவேன்.

"இல்ல தம்பி" என்றான் மெர்வின், மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அது நான்."

டுவேன் மெர்வினைப் பார்த்தான். மேட்டில் நின்றவனைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி துருத்திக்கொண்டிருந்த தாடையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு பயபக்தி வந்தது. "ஐயோ கடவுளே" என்றான். "அப்ப நீங்க எழுந்திருக்கவே கூடாது!"

"நாடீன்" என்றான் மெர்வின். அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்குச் சட்டென்று தோன்றியது. "உக்காரு. அவன் களைச்சுப் போயிட்டான், அவ்வளவுதான். ஒன்பதாவது இன்னிங்ஸ்ல எவனுக்கும் கை களைக்கும். உலகத்துல நடக்கற எல்லாத்தையும் நீதான் நடத்திவைக்கறியா?"

வேறொரு நாளாக இருந்தால் இந்தக் கேள்விக்கு அவன் ஓரிகன் போய்ச் சேரும்வரை பதில் வாங்கியிருப்பான். அவள் ஒற்றைக் காலில் நின்றபடி மேட்டைப் பார்த்தாள். கோல்பி பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு காத்திருந்தான். இவள் உட்காருவதற்காகவா, பேட்டர் தயாராவதற்காகவா, யார் கண்டது. அவள் உட்கார்ந்தாள்.

அடுத்த பந்து தாழ்வாக வந்தது. ஆமைக்காரன் தட்டிவிட்டான், தரையோடு உருண்டது. அள்ளினான் காகங்களில் ஒருவன், எறிந்தான், அங்கே முன்பு நடந்து போனவன் வெளியே. பிடித்தவன் மறுபடி எறிந்தான், இங்கே அடித்தவன் வெளியே. ஒரே பந்தில் இரண்டு பேர்! ஏழாம் வரிசை சத்தமில்லாமல் ஒருத்தரை ஒருத்தர் குத்திக்கொண்டது. பின்வரிசைப் பெண் நாடீனின் தொப்பியைத் தூசி தட்டி அவள் தலையில் வைத்துவிட்டாள்.

இன்னும் ஒருத்தன்.

அந்த ஒருத்தன் ஒல்லியான பையன், மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. முதல் பந்தை விட்டான். இரண்டாவதைத் தவறவிட்டான். மூன்றாவதும் நல்ல பந்துதான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. மட்டையின் ஓரத்தில் பட்டு, செத்த பறவை மாதிரி மெதுவாக எழும்பி, முன்னால் ஓடியவன் கைக்கும் எட்டாமல் பின்னால் ஓடியவன் கைக்கும் எட்டாமல், இரண்டு பேருக்கும் நடுவில் புல்லில் பொத்தென்று விழுந்தது.

பூஜ்யம் ஒன்றாயிற்று.

ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் விட்ட மூச்சு, கார் டயரில் காற்று இறங்குவது மாதிரி கேட்டது. அடுத்த நொடி டுவேன் துள்ளி எழுந்து, "மன்னிச்சுக்குங்க மேடம், இனிமே பிரயோஜனமில்ல" என்று நாலு பேர் காலை மிதித்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் ஓடினான். பிறகு யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். வரிசை வரிசையாக எழுந்து நின்று தட்டினார்கள். பேறு தவறிப்போனவனுக்கு, அவ்வளவு தூரம் வந்ததற்காகத் தட்டுகிற கைதட்டல் அது. கோல்பி தொப்பியை ஒரு விரற்கடை தூக்கி வைத்தான். அதற்கடுத்தவன் அடித்த பந்து நேரே மேலே போய் நேரே கீழே வந்தது, கோல்பியே கையுறையை நீட்டிப் பிடித்தான். ஆட்டம் முடிந்தது. காகங்களுக்கு வெற்றி.

ஆட்டக்காரர்கள் வெளியே வரும் பின்கதவுப் பக்கம், கார்களுக்கு நடுவே வெயிலில் அவர்கள் காத்திருந்தார்கள். நாடீன் ஆமைச் சட்டைமேல் மெர்வினின் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள், இப்போதாவது பிள்ளை கண்ணுக்கு மனுஷியாகத் தெரியட்டும் என்று.

"ஒரே ஒரு அடி" என்றாள். "அதுவும் ஓரத்துல பட்டு விழுந்தது. இதுக்கு மேல என்ன வேணும் அவங்களுக்கு? அனுப்ப மாட்டாங்க. என்ன, மாட்டாங்கல்ல?"

மெர்வின் சரி என்றுகூடச் சொல்லவில்லை.

கதவு திறந்தது. மற்ற ஆட்டக்காரர்கள் உள்ளே குளித்துக்கொண்டும் கத்திக்கொண்டும் இருந்தார்கள். கோல்பி மட்டும் தனியாக வந்தான். குளிக்கவில்லை, முழங்காலில் மண். தோளில் நீளமான பை, கையில் இன்னொரு பை, இரண்டு மட்டைகள் அதில் துருத்திக்கொண்டு. இந்த ஊர்களில் ஒரு ஆட்டக்காரன் சாமானை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வெளியே வந்தால் அதற்கு இரண்டே அர்த்தம். மேலே ஒரு நல்ல அணிக்குக் கூப்பிட்டிருப்பார்கள், அல்லது வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். பையைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. நாடீன் முகத்தைப் பார்த்தாள். இப்போது படிக்க முடிந்தது.

"இன்னிக்கு மாதிரி போட்டதுக்கு அப்புறமுமா?" என்றாள்.

"இன்னிக்கு இல்லம்மா. காலையிலயே சொல்லிட்டாங்க." கோல்பி பைகளைக் கீழே வைத்தான். "மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார். மேலேர்ந்து முடிவு பண்ணிட்டாங்க, நாளைக்குப் புதுப் பையன் வரான்னார். கடைசியா ஒருதரம் போடறியா, இல்ல இப்பவே கெளம்பறியான்னு கேட்டார். போடறேன்னேன்."

"காலையிலயா?"

"அப்பாவுக்கு போன் பண்ணினேன். நீங்க மோட்டல்ல டிபன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களாம். அம்மாவக் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேன்."

நாடீன் மெர்வின் பக்கம் திரும்பினாள்.

"நீதான் ஏற்கெனவே வந்துக்கிட்டு இருந்தியே" என்றான் மெர்வின். "மாட்டிறைச்சி சாப்பிட."

"நான் எல்லா வரிசையிலயும் தேடினேன்" என்றான் கோல்பி. "எட்டு இன்னிங்ஸா ஒவ்வொரு பந்துக்கும் முன்னாடி. நீ வரவே இல்லன்னு நெனச்சேன். அப்பா மட்டும் தெரியறார், பக்கத்துல யாரோ ஒரு ஆமை."

தொப்பியை எவ்வளவு தாழ்த்தினோம் என்று நாடீன் நினைத்தாள். வெளியே போகலாம் என்று இரண்டு தடவை எழுந்ததை நினைத்தாள். டுவேன் என்கிற அந்தப் பீப்பாய் முழங்காலை நீட்டாமல் இருந்திருந்தால், கோல்பி திரையைப் பார்த்துத் தேடிய நேரத்தில் அவள் காருக்குள் ஜன்னலை ஏற்றிவிட்டுக் கிடந்திருப்பாள்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்றாள். குரல் இன்னும் கிசுகிசுப்பாகவே இருந்தது, பழக்கம் விடவில்லை. "ஏன் எனக்கு போன் பண்ணல?"

"வராதன்னு சொன்ன வாயால எப்படிம்மா வான்னு கூப்பிடறது?" கோல்பி காரின் பின்பக்கம் சாய்ந்துகொண்டான். பந்து போடும் கை தனியாகத் தொங்கியது, அவனுடையது இல்லை என்பதுபோல. "அதுவும் நீ வந்து இவ்வளவு நேரம் ஒரு சத்தம்கூடப் போடல. அதான் எனக்கு நம்பிக்கையே வரல. நீ கார்லயே உக்காந்து ரேடியோவுல கேட்டுக்கிட்டு இருக்கியோன்னு நெனச்சேன். சரி, சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"எல்லாத்தையும். ஒண்ணாவது இன்னிங்ஸ்லேர்ந்து."

நாடீன் முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். இரண்டாவது இன்னிங்ஸுக்கு வந்தபோது பக்கத்துக் காரில் குழந்தைக்கு பெல்ட் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவதில் அம்பயரின் கண்களுக்கும், அவரைப் பெற்றவர்களுக்கும் தலைக்கு ஒரு திட்டு கிடைத்தது. அப்புறம் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து ஆள் அனுப்புகிற புண்ணியவான்கள், பத்தொன்பது வயதுப் பையன், 'உக்காருடீ' என்ற பின்வரிசைக்காரி, கேமராக்காரன். தூணும் முதுகுவலியும் ஆப்பிள் பையும் வந்தபோது அவள் குரல் மைதானத்தின் வெறும் இருக்கைகளில் மோதி எதிரொலித்தது. மெர்வின் பிள்ளையின் மூட்டைகளைக் காருக்குள் ஏற்றினான். கல்யாணப் பரிசுப் பெட்டியை நகர்த்தி, ஒருத்தன் கால் நீட்டி உட்காரும்படி இடம் பண்ணினான். கோல்பி கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் சாய்ந்து நின்றான். அவள் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம், "ம், அப்புறம்?" என்றான்.